ஏழை வீடு எங்கே இருக்கிறது?

லடாக் பற்றி இங்கிலீஷில் வந்த புத்தகங்களை வாங்கி அடுக்கினால் ஒரு சின்ன பீரோ நிறையும். அதில் முக்கால்வாசி ஒரே கதை. சொந்த ஊரில் மனசு சரியில்லாத ஒரு வெள்ளைக்கார ஆசாமி, முதுகில் மூட்டையோடு லே நகரத்தில் வந்து இறங்குவார். மூச்சு வாங்கும். வானம் கன்னாபின்னாவென்று நீலமாக இருக்கும். கிழட்டு லாமா ஒருவர் பொக்கை வாய் திறந்து சிரிப்பார். ஆசாமிக்கு ஞானம் வந்துவிடும். திரும்பிப் போய்ப் புத்தகம் எழுதுவார்.

இந்த வகையில் தாத்தா புத்தகம், ஆண்ட்ரூ ஹார்வி எழுதி 1983-ல் வந்த 'எ ஜர்னி இன் லடாக்'. ஹார்வி பிறந்தது எங்கே தெரியுமோ? நம்ம கோயம்புத்தூரில். படித்தது ஆக்ஸ்ஃபோர்டு. நல்ல கவிஞர், அதனால் வாக்கியங்கள் அழகாக இருக்கும். ஆனால் பாதிப் புத்தகம் தாண்டியதும் லடாக் காணாமல் போய், ஹார்வியின் ஆத்மா மட்டும் மிச்சம் இருக்கும். ஆத்மா விசாரத்தில் ஆர்வம் உள்ளவர்கள் படிக்கலாம். நான் சொல்ல வந்தது வேறு ஒரு புத்தகம்.

'ஏன்ஷியன்ட் ஃப்யூச்சர்ஸ்: லேர்னிங் ஃப்ரம் லடாக்'. எழுதியவர் ஹெலனா நோர்பெர்க்-ஹாட்ஜ். ஸ்வீடன் நாட்டுக்காரர், மொழியியல் படித்தவர். லடாக்கை வெளிநாட்டு டூரிஸ்ட்டுகளுக்குத் திறந்துவிட்டது 1974-ல். அடுத்த வருஷமே ஒரு படக் குழுவோடு போனார். குழு திரும்பியது, இவர் திரும்பவில்லை. மொழியைக் கற்றுக்கொண்டு, வருஷா வருஷம் அங்கேயே மாதக்கணக்கில் வாழ்ந்து, 1991-ல் இந்தப் புத்தகத்தை எழுதினார். முன்னுரை தலாய் லாமா. உலகம் முழுக்க டஜன் கணக்கான மொழிகளில் போயிருக்கிறது. முதுகு மூட்டையோடு லேக்குப் போகிற இளைஞர்களுக்கு இது ஏறக்குறைய பகவத் கீதை.

இதில் ஒரு சம்பவம் வருகிறது. புத்தகத்தைப் படிக்காதவர்களும் இதைக் கேள்விப்பட்டிருக்கக்கூடும், அவ்வளவு பேர் எடுத்துச் சொல்லிவிட்டார்கள். 1975-ல் ஹெமிஸ் சுக்பாச்சன் என்ற கிராமத்தில் ஒரு இளைஞர் இவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறார். எல்லா வீடும் பெரிசு பெரிசாக, அழகாக இருக்கின்றன. 'ஏழைகள் வீடு எது, அதைக் காட்டு' என்று கேட்கிறார் அம்மணி. இளைஞர் முழிக்கிறார். கொஞ்சம் யோசித்துவிட்டு, இங்கே ஏழைகளே இல்லை என்கிறார். எட்டு வருஷம் கழித்து அதே இளைஞர் டூரிஸ்ட்டுகளிடம், எங்களுக்கு ஏதாவது உதவுங்கள், நாங்கள் ரொம்ப ஏழைகள் என்று சொல்வது இவர் காதில் விழுகிறது.

படித்ததும் நெஞ்சில் குத்துகிற இடம். மொத்தப் புத்தகமும் இந்த ஆணியில்தான் மாட்டித் தொங்குகிறது. முதல் பாகம், பழைய லடாக்: சண்டை இல்லை, குப்பை இல்லை, கோபம் இல்லை, கிழவிகள்கூட அறுப்பு வயலில் பாடுகிறார்கள். இரண்டாம் பாகம், ரோடு வருகிறது, சினிமா வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது, பையன்கள் தங்கள் அப்பாவைப் பார்த்தே வெட்கப்படுகிறார்கள். மூன்றாம் பாகம், நீயும் நானும் இதிலிருந்து கற்க வேண்டியது.

2023 ஜூலையில் நானும் கல்லூரி நண்பன் ஒருவனும் பத்து நாள் லேயில் இருந்தோம். ஆளுக்கொரு முதுகு மூட்டை, இரண்டு பேருக்கும் சேர்த்து இந்த ஒரு புத்தகம். நாற்பது தாண்டிய இரண்டு ஆசாமிகள் மூட்டை தூக்குவதைப் பார்த்து ஏர்போர்ட்டில் சிலர் சிரித்தார்கள். பரவாயில்லை. லே சுமார் 3,500 மீட்டர் உயரம். நம்ம ஊட்டியைப் போல ஒன்றரை மடங்கு. முதல் இரண்டு நாள் படுத்துக் கிடக்க வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. மாடி ஏறினாலே இதயம் தவில் வாசிக்கிறது. படுத்துக்கொண்டு வேறென்ன செய்வது? மாற்றி மாற்றிப் படித்தோம். படித்த இடத்திலிருந்து ஜன்னலைத் திறந்தால் படித்த ஊர் தெரிகிறது. புத்தகத்தைச் சோதிக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. வருஷத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழை பெய்கிற மலைப் பாலைவனத்தில் மனுஷன் எப்படிப் பிழைத்தான் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்னவர்கள் குறைவு. பனிமலை உருகி வருகிற ஓடைத் தண்ணீரை, யுரா என்கிற சின்ன வாய்க்கால்களில் வயலுக்குத் திருப்புகிறார்கள். யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைக்க ஊரே ஒரு ஆளை நியமிக்கிறது, அவருக்கு சுர்போன் என்று பெயர். நம்ம பக்கத்து நீர்க்கட்டி, நீராணிக்காரர் மாதிரி. சாணி எரிபொருளாகிறது. மனிதக் கழிவு மண்ணும் சாம்பலும் கலந்து, மக்கி, வசந்தத்தில் வயலுக்கு உரமாகப் போகிறது. எதுவும் வீண் இல்லை.

பொருளாதாரம் பேசுகிற இடங்களும் நல்ல பலம். மானிய விலையில் லாரி லாரியாக வெளி கோதுமையும் அரிசியும் மலையேறி வந்து, லே கடையில் உள்ளூர் பார்லியைவிடக் குறைந்த விலைக்கு விற்கும்போது, விவசாயி வயலை விட்டுப் போவது சோம்பேறித்தனம் அல்ல, வெறும் கூட்டல் கழித்தல் என்கிறார். பி.காம். படித்தவன் என்ற முறையில் இந்தப் பக்கங்களுக்குக் கைதட்டினேன்.

ஆனால் அதே பி.காம். புத்திதான் மிச்சப் பக்கங்களில் உறுத்தியது. பழைய லடாக்குக்கு இவர் போட்ட கணக்கில் வரவு மட்டும் இருக்கிறது. புதிய லடாக்குக்குப் பற்று மட்டும். இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டைக் கொண்டுபோய் எந்த ஆடிட்டரிடமும் கையெழுத்து வாங்க முடியாது.

உதாரணம் தருகிறேன். லடாக் தன் தேவையைத் தானே பூர்த்தி செய்துகொண்ட சமூகம் என்கிறார். உப்பு, டீ, கொஞ்சம் உலோகம் தவிர என்று போகிற போக்கில் ஒப்புக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். நகர விடக்கூடாது. லடாக் பற்றி எழுதிய அத்தனை பேரும் உருகி உருகி எழுதுவது அந்த வெண்ணெய் டீயைத்தான். உப்பும் வெண்ணெயும் போட்டு, மர உருளையில் 'குர்குர்' என்று கடைகிற சமாசாரம். அந்த டீ இலை லடாக்கில் விளையாது. லாசாவிலிருந்து செங்கல் செங்கலாக மாதக்கணக்கில் மலை தாண்டி வந்தது. லடாக்கின் ஆதி அடையாளம் என்று நாம் நினைக்கிற டம்ளருக்குள் இருப்பதே இறக்குமதிச் சரக்கு!

இதைச் சொல்லித் தருகிற புத்தகம் இன்னொன்று. ஜேனட் ரிஸ்வி எழுதிய 'லடாக்: க்ராஸ்ரோட்ஸ் ஆஃப் ஹை ஏஷியா'. அதுவும் 1983-தான். கணவர் அங்கே அரசு அதிகாரியாக இருந்ததால் லேயில் குடியிருந்தவர். ஞானம் தேடவில்லை, வரலாறு தேடினார். அவர் காட்டுகிற லே மூடிக் கிடந்த சொர்க்கம் அல்ல. நாலு திசை ரோடும் சந்திக்கிற சந்தை. யார்கண்டிலிருந்து பட்டும் கம்பளமும் சரஸும் வரும். பஞ்சாபிலிருந்து துணியும் சாயமும் மசாலாவும் போகும். சாங்தாங் ஆட்டு ரோமம் ஸ்ரீநகருக்குப் போய்க் காஷ்மீர் சால்வையாகும். யார்கண்டி வியாபாரிகள் லேயிலேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கி, அவர்கள் வம்சம் ஆர்கோன் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. 1885-லிருந்து மொராவிய மிஷனரிகள். 1904-ல் ஃபிராங்கே என்ற மிஷனரி லடாக்கி மொழியில் பத்திரிகையே நடத்தியிருக்கிறார். 1949-ல் சீனா எல்லையை மூடிய பிறகுதான் அந்த யார்கண்ட் வியாபாரம் செத்தது.

அதாவது, 1975-ல் அம்மணி பார்த்த அமைதி ஆயிரம் வருஷத்து அமைதி அல்ல. சந்தை கலைந்து கால் நூற்றாண்டு ஆன ஊரின் அமைதி. கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த வீட்டுக்கு வந்து, 'ஆஹா, எவ்வளவு சாந்தமான குடும்பம்' என்று சொன்ன மாதிரி.

அந்த வியாபாரத்துக்கு யார் முதுகு கொடுத்தது என்பது அடுத்த கேள்வி. 1834-ல் ஜம்முவிலிருந்து ஜோராவர் சிங் படையெடுத்து வந்து லடாக் டோக்ரா ராஜ்யத்தின் கைக்குப் போனது. அதிகாரிகளுக்கும் வியாபாரிகளுக்கும் கிராமத்தார் முறை வைத்து மட்டக்குதிரையும் சுமை கூலியும் கொடுத்தாக வேண்டும். பேகார் என்று பெயர். நம் ஊரில் வெட்டி வேலை என்போமே, அதேதான். இதற்கு ஏன்ஷியன்ட் ஃப்யூச்சர்ஸில் எத்தனை பக்கம் இருக்க வேண்டும்? முதுகில் மூட்டை தூக்குவதைப் பெருமையாக நினைத்து வந்த எங்கள் இரண்டு பேருக்கும், அதே மலையில் அடித்துத் தூக்க வைத்தார்கள் என்பதைப் படித்தபோது பேச்சு கொஞ்சம் நின்றது.

இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் விஷயம் பிடிபடும். ரிஸ்வியில் சில அத்தியாயங்கள் வறட்டி மாதிரி காய்ந்து கிடக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுங்கள்.

நாங்கள் தங்கியது சாங்ஸ்பா பக்கம் ஒரு வீட்டில். வீட்டு அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். எல்லாரும் அவரை 'அமா-லே' என்றார்கள். லடாக்கி மொழியில் பெயருக்குப் பின்னால் 'லே' போட்டால் மரியாதை, நம்ம 'ங்க' மாதிரி. திருநெல்வேலிக்காரனான நண்பனுக்கு இது மட்டும் கடைசி வரை ஜீரணமாகவில்லை. "வயசான அம்மாவை லேன்னு கூப்பிட எனக்கு நாக்கு வரலடா" என்றான். டெல்லியில் வேலை பார்த்தவன், அவன் ஹிந்திதான் எங்கள் பாலம்.

அந்த வீட்டில் இரண்டு விதக் கழிப்பறை. எங்களுக்கு மாடியில் ஃப்ளஷ். பின்கட்டில் பழைய லடாக்கி முறை: மேலே ஒரு மண் அறை, தரையில் ஒரு ஓட்டை, மூலையில் மண்ணும் மண்வெட்டியும். புத்தகம் படித்த உற்சாகத்தில் நண்பன் அதைத்தான் உபயோகிப்பேன் என்று கிளம்பினான். அமா-லே தாராளமாக என்றார். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் உறைந்துவிடும், அப்போது அவர்கள் குடும்பத்துக்கே அதுதான் கதி. கோடையில் ஃப்ளஷ் இல்லாவிட்டால்? "ரூம் காலிதான். போன் பண்றவங்க முதல்ல கேக்கறதே அதுதான்" என்று சிரித்தார்.

இதில் யார் பழைய லடாக், யார் புது லடாக்? ஒரே அம்மா, ஒரே வீடு, சீசனுக்கு ஒன்று. நோர்பெர்க்-ஹாட்ஜ் சொல்கிற மாதிரி ஒரு பண்பாடு போய் இன்னொன்று வரவில்லை. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு இவர்கள் வியாபாரம் பண்ணுகிறார்கள். முன்னோர் யார்கண்ட்காரனிடம் பண்ணியதுதானே!

நண்பன் சும்மா இருக்க மாட்டானே. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பிரசித்தி பெற்ற கேள்வியை அவரிடமே கேட்டுவிட்டான். "இந்தப் பக்கம் ஏழை வீடு எதும்மா?" அமா-லே கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார். "ரேஷன் கார்டு எழுதறவன் கேட்டா நாங்களே ஏழைதான். சம்பந்தம் பேச வந்தவன் கேட்டா இந்தத் தெருவுலயே யாரும் இல்ல. நீங்க எதுக்குக் கேக்கறீங்க?"

எனக்கு அங்கேதான் புத்தகத்தின் ஆணி கழன்றது. யோசித்துப் பாருங்கள். சேலத்துப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வெள்ளைக்காரர் வந்து 'ஏழை வீடு காட்டு' என்றால் நம்ம பையன் என்ன சொல்வான்? 'எங்க ஊர்ல அப்படி யாரும் இல்லீங்க' என்பான். விருந்தாளியிடம் ஊர் மானத்தை விட்டுக் கொடுப்பானா? அதே பையன் எட்டு வருஷம் கழித்து, பணம் உள்ள ஆட்கள் கேமராவோடு வந்து நிற்கும்போது, ஊருக்கு ஏதாவது செய்யுங்கள் என்பான். இரண்டும் பேச்சுதான். எதிரில் நிற்பவர் யார் என்று பார்த்துப் பேசிய பேச்சு. முதலாவதை மக்கள் தொகைக் கணக்கு போலவும், இரண்டாவதை ஒரு நாகரிகத்தின் மரண வாக்குமூலம் போலவும் எடுத்துக்கொண்டது கேட்டவரின் ஆசை. அந்த இளைஞர் முதல் முறை பெருமைக்குச் சொன்னாரா, நிஜமாகவே நம்பினாரா என்று புத்தகம் கேட்கவே இல்லை. லடாக்கிகள் இதில் நிறையப் பேசுகிறார்கள், ஆனால் எல்லாரும் ஆசிரியருக்குத் தேவையான சாட்சியைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். குறுக்கு விசாரணை கிடையாது.

இதற்காக அந்த அம்மாவை ரொமான்டிக் என்று தள்ளிவிடுவது அநியாயம். எழுதியதோடு நிற்கவில்லை அவர். 1983-ல் லேயில் ஆரம்பித்த சூழலியல் அமைப்பில் முன்னால் நின்று வேலை செய்திருக்கிறார். வீட்டின் தெற்குச் சுவரைக் கறுப்பாக அடித்து, முன்னால் கண்ணாடி வைத்து, பகல் வெயிலைச் சேமித்து ராத்திரி அறையைச் சூடாக்குகிற முறையைப் பரப்பினார்கள். மைனஸ் இருபதில் சாணிப் புகைக்குள் இருமிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு இது வரப்பிரசாதம். வேடிக்கை என்னவென்றால், இந்த யோசனையும் வெளியிலிருந்து வந்ததுதான். வெளியிலிருந்து வருவதெல்லாம் விஷம் அல்ல என்பதற்கு அவர் கையே சாட்சி. அவர் பேனாதான் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறது.

பள்ளிக்கூடம் பற்றி அவர் எழுதியதும் நிஜம். லடாக் பிள்ளைகளுக்கு அவர்கள் பார்த்தே இராத உலகத்தை, அவர்கள் பேசாத மொழியில் பாடமாக வைத்தார்கள், பத்தாம் வகுப்பில் கூட்டம் கூட்டமாக ஃபெயில் ஆனார்கள். ஆனால் இதற்கு உள்ளூர்க்காரர்கள் செய்த வைத்தியம், பள்ளிக்கூடமே வேண்டாம் என்பது இல்லை. 1988-ல் சோனம் வாங்சுக்கும் நண்பர்களும் செக்மோல் என்ற அமைப்பைத் தொடங்கி, ஃபெயிலான பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, பாடத்தையும் பள்ளியையும் மாற்றக் கிளம்பினார்கள். தண்ணீருக்கும் அப்படியே. செவாங் நோர்பெல் என்ற சிவில் இன்ஜினீயர், வீணாக ஓடுகிற குளிர்கால ஓடைத் தண்ணீரைத் தேக்கி உறைய வைத்து செயற்கைப் பனிப்பாறை செய்தார். பின்னால் வாங்சுக் அதே தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து பீய்ச்சி, ஸ்தூபி மாதிரி கோபுரமாக உறைய வைத்தார். ஏப்ரல், மே மாதங்களில் விதைப்புக்குத் தண்ணீர் இல்லாத நேரத்தில் அது உருகும். பாட்டன் வித்தையா, காலேஜ் பிசிக்ஸா? இரண்டும்.

இனி நம்ம பங்குக்கு வருவோம். நோர்பெர்க்-ஹாட்ஜுக்கு வில்லன் மேல்நாட்டு டூரிஸ்ட். இன்றைக்கு லேயில் அவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கு திரும்பினாலும் நாம்தான். தமிழ்நாட்டுக்கு லடாக்கைக் காட்டியது மணிரத்னத்தின் 'உயிரே', 1998. நாடு முழுக்க கிளப்பிவிட்டது 2009-ல் வந்த '3 இடியட்ஸ்'. பாங்காங் ஏரிக் கரையில் அந்தப் படத்து மஞ்சள் ஸ்கூட்டர் மாதிரி ஒன்றை நிறுத்தி வைத்து போட்டோவுக்குக் காசு வாங்குகிறார்கள். கர்துங் லா கணவாயில் 18,380 அடி என்று போர்டு இருக்கும். ஜி.பி.எஸ்.ஸில் அளந்தவர்கள் ஏறக்குறைய எண்ணூறு அடி குறைத்துச் சொல்கிறார்கள், ஆனால் போர்டு முன்னால் க்யூ குறையவில்லை. 2011 சென்சஸ்படி லடாக்கின் மொத்த ஜனத்தொகை 2,74,289. 2022-ல் ஒரே வருஷம் வந்த டூரிஸ்ட்டுகள் ஐந்து லட்சத்துக்கு மேல். வீட்டுக்காரர்கள் இரண்டே முக்கால் பேர், விருந்தாளி ஐந்து பேர். அதுவும் பெரும்பாலும் நாலைந்து மாத சீசனில். தினம் இரண்டு வாளி வெந்நீர் கேட்கிறோம். ஓடை போதாமல் போர் போட்டுத் தண்ணீர் எடுக்கிறார்கள். இந்த அத்தியாயத்தை யாராவது லடாக்கியே எழுதினால் நன்றாக இருக்கும்.

பூமியும் பழைய பூமி இல்லை. 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவில் லேயில் மேகம் உடைந்து கொட்டியது. மழையே தெரியாத ஊரின் மண் வீடுகள் அப்படியே கரைந்தன. 200 பேருக்கு மேல் செத்தார்கள். தட்டைக் கூரை போட்ட மண் வீட்டைப் பாரம்பரிய ஞானம் என்று எழுதுவது சுலபம். அந்த ஞானம் 100 மில்லிமீட்டர் மழைக்குப் போட்ட கணக்கு. மழை கணக்கை மாற்றினால் வீடு என்ன செய்யும்?

மூன்றாம் பாகத்துக்குத்தான் எனக்குக் கோபம் மிச்சம் இருக்கிறது. 'லடாக்கிலிருந்து கற்பது'. கற்பவர்கள் நாம், வெளியாட்கள். லடாக்கிகள் பாடப் புத்தகம். பாடப் புத்தகம் எதையும் கேட்காது, சிரித்துக்கொண்டே இருக்கும். நிஜ லடாக்கிகள் கேட்டார்கள். 2019 அக்டோபர் 31-ல் லடாக் சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசம் ஆனது. அதன் பிறகு மாநில அந்தஸ்து, ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பு, வேலைக்கு உத்தரவாதம் என்று வருஷக்கணக்கில் கேட்டார்கள். 1989-ல் அடித்துக்கொண்டு, மூன்று வருஷம் ஒருவரை ஒருவர் ஒதுக்கி வைத்த பௌத்தரும் முஸ்லிம்களும் இதற்காக ஒன்றாக நின்றார்கள். உண்ணாவிரதம் இருந்தார்கள், டெல்லிக்கு நடந்தார்கள். 2025 செப்டம்பர் 24-ல் லேயில் போராட்டம் கலவரமாகி, துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து வாங்சுக்கைத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து ஜோத்பூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

டி.வி.யில் ஊரடங்கு போட்ட லே கடைத்தெருவைக் காட்டியபோது நண்பன் போன் பண்ணினான். "டேய், அந்த அமா-லே நம்பர் உன்கிட்ட இருக்கா?" இருந்தது. பல தடவை போட்டும் லைன் கிடைக்கவில்லை. நாலாம் நாள் கிடைத்தது. சௌக்கியம்தான், ரூம்தான் எல்லாம் கேன்சல் என்றார். நாங்கள் விட்டுவிட்டு வந்த புத்தகம் அலமாரியில் இருக்கிறதாம். அதற்கப்புறம் தங்கிய இரண்டு பேர் கேட்டு வாங்கிப் படித்தார்களாம். மகள் சண்டிகரில் படிப்பு முடித்துவிட்டாள், வேலை இல்லை, வீட்டில்தான் இருக்கிறாள்.

"அவ படிச்சாளாம்மா அதை?" என்றான் நண்பன்.

"பத்துப் பக்கம் படிச்சா. இதெல்லாம் எங்க பாட்டி காலம்னு வெச்சுட்டா."